கடினமான கேள்வி சரி, சுலபமான கேள்வி தப்பு

காலை 9.10. குழந்தைகள் காப்பகத்தின் அலுவலக அறை. மேசைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று, சின்ன டீச்சர் இணையவழிப் பயிற்சியை முடித்துவிட்டாள் என்று சொல்லும் சான்றிதழ். மற்றொன்று, அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

முந்தைய நாள் அவள் வகுப்பில் இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்றுக்குத் திராட்சை தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. அவள் பதறி வாய்க்குள் விரலை விட்டாள். பழம் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொண்டது. யார் செய்த புண்ணியமோ, ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

"எதைச் செய்யக் கூடாதுன்னு கோர்ஸ்ல இருக்கோ, அதையே பண்ணியிருக்கா" என்றாள் முதலாளியம்மா. "ஒண்ணு இவ சரியில்ல, இல்ல உங்க கோர்ஸ் சரியில்ல."

'உங்க' என்றது கேள்விக்காரியை. மழலை வகுப்பு ஆசிரியைகளுக்கு இணையவழிப் பாடங்களை வடிவமைப்பது அவள் தொழில். ஒரு பாடத்துக்கு நூறு கேள்வி எழுதி எண்பதைக் கிழித்துப் போடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கும் வழக்கம்தான் அவளுக்கு இல்லை.

சின்ன டீச்சர் சுவரோரம் நின்றாள். அவள் வகுப்புப் பிள்ளைகளை இன்று மற்ற அறைகளில் பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் அந்தக் கோர்ஸைத் திறந்துகூடப் பாக்கல. பாஸ்வேர்டே எனக்குக் குடுக்கல" என்றாள் கேள்விக்காரியிடம்.

"அப்போ சர்டிபிகேட் ஆகாசத்துலேர்ந்து குதிச்சுதா?" என்றாள் சூப்பர்வைசர். இருபது வருட சர்வீஸ். உடையில் இஸ்திரி மடிப்பு கலையாத ஆள். "கோர்ஸ்ல குறையே இல்லம்மா. வெளியிடறதுக்கு முன்னாடி விடைத்தாளோட எனக்குத்தானே அனுப்பினாங்க. எல்லாம் சரின்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

9.30. கேள்விக்காரி மடிக்கணினியில் சின்ன டீச்சரின் பதிவைத் திறந்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, காலை 11.05, அலுவலகக் கணினி. நாலு மணி நேரப் பாடம் ஏழே நிமிடத்தில் முடிந்திருந்தது. இருபது கேள்வியில் பத்தொன்பது சரி.

அலுவலகக் கணினி அதே அறையில் கிளார்க்கின் மேசையில் இருந்தது. பாஸ்வேர்டு பட்டியலும் அவர் இழுப்பறையில்தான்.

"அன்னிக்குப் பதினொரு மணிக்கு எங்க சார் இருந்தீங்க?"

"டீ குடிக்கப் போயிருப்பேன். தினமும் அந்த நேரந்தான்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் ஆகும்."

"ஒரு டீக்கா?"

"ரொம்ப சூடா குடுப்பாங்கம்மா."

"இழுப்பறை சாவி?"

"ஆணியில தொங்கும். யார் வேணும்னாலும் எடுக்கலாம்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குற்றவாளிக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் ஒரே இடத்தில்தான் வேர்க்கும் என்பதால் கேள்விக்காரி அதைப் பொருட்படுத்தவில்லை.

"இவளே வந்து தட்டிவிட்டுப் போயிருக்கலாமே?" என்றாள் முதலாளியம்மா.

"பதினோரு பிள்ளைங்களை யார்கிட்ட விட்டுட்டு?"

கேட்டுவிட்டுக் கேள்விக்காரி மடிக்கணினிக்குத் திரும்பினாள்.

9.50. அவள் விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒன்பதாவதில் நின்றாள்.

"குழந்தைக்குத் தொண்டையில ஏதோ சிக்கி, பலமா இருமுது. முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"முதுகுல ஓங்கித் தட்டுவேன்" என்றார் கிளார்க்.

"வாயில விரலை விட்டு…" என்று ஆரம்பித்த முதலாளியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிதத்தின் மேலிருந்த பேனாவை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"நல்லா இருமுற வரைக்கும் இருமவிட்டுப் பக்கத்துலயே இருக்கணும்" என்றாள் சூப்பர்வைசர்.

"சரி. ஆனா முதல் தடவையே இதைச் சரியா சொல்றவங்க ரொம்பக் கம்மி. தெரிஞ்சேதான் அப்படி வெச்சேன். தப்பு பண்ணினாத்தான் அடுத்து செய்முறை வீடியோ திறக்கும். இவ பேர்ல முதல் தடவையே சரி. வீடியோ திறக்கவே இல்ல."

"அப்பத் தெரிஞ்சிருக்கும், நேத்துப் பயத்துல மறந்திருப்பா" என்றாள் சூப்பர்வைசர்.

இருக்கலாம்தான். கேள்விக்காரி தப்பாகியிருந்த அந்த ஒரே கேள்விக்குப் போனாள். பதினான்காவது. டயபர் மாற்றியதும் கை கழுவ வேண்டுமா? மற்ற காப்பகங்களில் இதுவரை எழுதிய நானூறு பேரில் ஒருவர்கூடத் தவறவிடாத கேள்வி. இதில் 'கையுறை போட்டிருந்தால் தேவையில்லை' என்று இருந்தது. கடலைத் தாண்ட ஆசையுண்டு, கால்வாயைத் தாண்டக் காலில்லை என்பார்கள். இங்கே யாரோ கடலைத் தாண்டிவிட்டுக் கால்வாயில் விழுந்திருந்தார்கள்.

அந்த விடையை எங்கே பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

10.15. "இந்தத் தப்பு என்னோடது" என்றாள். "முதல்ல தயாரிச்ச விடைத்தாள்ல பதினாலாவதுக்கு மாத்தி டிக் போட்டுட்டேன். வெளியிடறதுக்கு முந்தின நாள் கண்டுபிடிச்சுத் திருத்தினேன். மானம் போகுமேன்னு யார்கிட்டயும் சொல்லல. தப்போட இருந்த தாள் வெளியில ஒரே ஒருத்தர்கிட்டதான் போச்சு." சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் இவ பேர்ல எழுதினீங்க. கை கழுவணும்னு உங்களுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். கேள்வியைப் படிச்சிருந்தா அந்தத் தப்பு வந்திருக்காது. அன்னிக்கு எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்ததும் படிக்காமத்தான்."

சூப்பர்வைசர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். "அதிகாரிங்க ஆய்வுக்கு வர்றதுக்குள்ள சர்டிபிகேட் வேணும்னாங்க. யாருக்கும் நேரமில்ல. வெறும் காகிதந்தானேன்னு நெனச்சேன்."

சின்ன டீச்சர் அவளைத் திட்டவில்லை. "நான் அந்தப் பிள்ளையைக் கொன்னிருப்பேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளியம்மா கடிதத்தை நாலாகக் கிழித்தாள். விஷயம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

கேள்விக்காரிக்கு விஷயம் இன்னும் முடியவில்லை. "சார் டீக்குப் போனது நாப்பது நிமிஷம். இவளுக்கு ஆனது ஏழு. மிச்ச நேரம் இந்தக் கணினியில என்ன பண்ணீங்க?"

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டாள். "மத்த அஞ்சு டீச்சருக்கும் நான்தான் எழுதினேன்."

10.30. நடைக்கு அப்பால் மற்ற ஐந்து அறைகளிலும் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகளின் சிற்றுண்டி நேரம்.

முதலில் ஓடியது சின்ன டீச்சர்தான். ஒவ்வொரு கதவாகத் திறந்து அவள் சொல்லிக்கொண்டே போவது அலுவலகம் வரை கேட்டது.

"இன்னும் யாருக்கும் ஊட்டாதீங்க. ஒரு நிமிஷம், யாருக்கும் ஊட்டாதீங்க."