பத்து மீட்டர் வட்டம்

ஒன்று என்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு என்று இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் போனால் போகிறது என்று மடிக்கணினியை மூடிவிட்டு டீ போடப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டால் முறைப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இடம் பார்த்து விளம்பரம் அனுப்பும் நிறுவனத்தில் வேலை. ஒரு செருப்புக் கடையைச் சுற்றி மேப்பில் வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் வரும் போன்களில் மட்டும் செருப்பு விளம்பரம் வரவேண்டும். அடுத்த தெருவில் முடி வெட்டிக்கொண்டிருக்கிறவனுக்குப் போனால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். வட்டம் எத்தனை மீட்டர் தள்ளி விழுகிறது என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அதைச் சோதிக்க அங்கே எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அவரவர் வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, எழுத்தே இல்லாத ஒரு மஞ்சள் சதுரத்தை விளம்பரமாக ஓடவிடுவார்கள். தன் வீட்டில் எத்தனை போன் இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்பதால் சரிபார்ப்பது சுலபம். அவள் வீட்டில் அன்று ஒரே ஒரு போன். கணவன் ஊரில் இல்லை.

மஞ்சள் சதுரத்தை இரண்டு போன்கள் பார்த்திருந்தன.

எழுந்து வெளியே போய்ப் பார்த்தாள். இடது பக்கம் பள்ளிக்கூடம், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. வலது பக்கம் புதர் மண்டிய காலி மனை. பின்னால் ஒரு கிடங்கின் ஜன்னலில்லாத சுவர். தெரு, வட்டத்துக்கு வெளியே நன்றாகவே தள்ளி இருந்தது. குழுத் தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சோம்பலாக, ரோட்டில் போனவன் எவனாவது இருப்பான், விட்டுத்தள்ளு என்றார். ரோட்டில் போகிறவன் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரைக்கும் பதினொரு முறை போவானா என்று அவள் கேட்கவில்லை. பதினொரு முறை பார்த்திருந்தது அந்தப் போன்.

அன்று ஏழு மணிக்குக் கணவன் கூப்பிட்டான். அவன் லிப்ட் மெக்கானிக். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியூரில் இருப்பான். லிப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்குமாம், வேலையில் பாதி அதற்குள்தானாம். மேலே நடக்கிற ஒருவருக்கும் தங்கள் காலுக்குக் கீழே ஓர் ஆள் இருக்கிறான் என்று தோன்றுவதே இல்லை என்று சொல்லிச் சிரிப்பான். பேசும்போதே ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துக்கொண்டு போனில் கலர்ப் பந்து விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பான். எத்தனை திட்டினாலும் அதை மட்டும் விடமாட்டான்.

"குரல் ஒரு மாதிரி இருக்கே. மத்தியானம் சாப்பிடலையா?"

சாப்பிடவில்லைதான். அவனுக்கு எப்போதும் தெரிந்துவிடும். தலைவலி என்றால் அவள் சொல்லுமுன்பே மாத்திரை போட்டாயா என்பான். ராத்திரி இருமினால் காலையில் கஷாயம் வைத்துக் குடி என்று செய்தி வந்துவிடும். இதைக் கேட்டு அவள் அக்காவுக்குப் பொறாமை. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரே, பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டே நான் அழுதா தெரியாது, உன் ஆளுக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தும் தெரியுதே என்று அங்கலாய்ப்பாள்.

அவர்கள் அப்பா பொய் சொல்லியே குடும்பம் நடத்தியவர். எங்கே போனார், எங்கிருந்து வந்தார் என்பதில் ஒரு நாளும் உண்மை இருந்ததில்லை. அதனால்தான் அவள் எதையும் அளந்து பார்க்கிறவளாக ஆகிப்போனாள். கடிகாரம், தராசு, மனிதர்கள், எல்லாவற்றிலும் எத்தனை பிழை என்று மனதுக்குள் ஓர் எண் போட்டுவிடுவாள். கணவனுக்கு மட்டும் போட்டதில்லை. இந்த உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவள் நம்பிய ஒரே ஆள் அவன். அவனும் இல்லையென்றால் அவளுக்கு யாருமே இல்லை.

மறுநாள் வெயிலே வரவில்லை. மழை பிடித்துக்கொள்ளாமல் தூறிக்கொண்டே இருந்தது. கட்டிலிலிருந்து இறங்கியபோது வீட்டுச் செருப்புகள் இரண்டும் காலை நுழைக்கத் தோதாக வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பி இருந்தன. அவன் ஊரில் இருக்கும் நாட்களில் அப்படித் திருப்பிவைப்பது அவன் வழக்கம். அவன் இல்லாதபோதும் அப்படியே இருக்கிறதே, பார்த்துப் பார்த்து நமக்கும் தொற்றிக்கொண்டது போல என்று பல நாள் நினைத்திருக்கிறாள். தலையணையில் அவனுடைய கிரீஸ் வாசனை இருந்தது. அவன் கிளம்பி ஆறு நாள் ஆகியும் போகவில்லை. அந்த வாசனைக்காகவே உறையைத் துவைக்காமல் வைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு ரிப்போர்ட்டின் மற்ற பத்திகளையும் திறந்தாள். இரண்டாவது போனின் மாடல் அவன் போனின் மாடல். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மஞ்சள் சதுரம் எந்தச் செயலிக்குள் காட்டப்பட்டது என்று அடுத்த பத்தியில் இருந்தது. கலர்ப் பந்து விளையாட்டு. அதையும் பாதிப் பேர் ஆடுகிறார்கள். இடம் எப்படித் தெரிந்தது என்ற பத்தியில், அவளுடைய வீட்டு வைஃபையை வைத்து என்று இருந்தது. சிக்னல் எவ்வளவு பலம் என்று பார்த்தாள். மேசைமேல் இருந்த அவளுடைய போனுக்குக் கிடைப்பதைவிடப் பலம்.

வைஃபை பெட்டி படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது. மேலே மாட்டலாமே என்று அவள் சொன்னபோது இங்கேயே இருக்கட்டும் என்று அங்கே வைத்தவன் அவன்தான்.

மேசையிலிருந்து அறையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பழைய வீடு அது. முன்பு முற்றமாக இருந்த இடத்தில் யாரோ படுக்கையறை கட்டியதால், முற்றத்துத் தரைக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி அறைக்குள் வந்துவிட்டது. குடிவந்த புதிதில், அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், அவன் லீவு போட்டு அதில் மணல் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி, கட்டிலையும் இழுத்து அதன்மேல் போட்டுவிட்டான். மூடியாச்சு, இனிமே கொசு வராது என்றான். மணல் வந்து இறங்கியதை அவள் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மழைச் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது, எங்கோ ஒரு குழாய் சொட்டியது, சுவர்க் கடிகாரம் நகர்ந்தது, ஈரச் சுண்ணாம்பின் வாசனையோடு கிரீஸ் வாசனை கலந்து மெல்லிசாக வந்து போனது, இவை எல்லாம் தினமும் இருப்பவைதான், தினமும் இவற்றோடுதான் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் செய்தாள். படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோல, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"இடது காது அடைச்ச மாதிரி இருக்கே."

காதில் ஒன்றுமே இல்லை. சொல்லிவிட்டு எழுந்து வந்து வேலையில் உட்கார்ந்தாள். எதிலும் மனம் ஓடவில்லை. அவன் கேட்கமாட்டான், ஏழு மணிக்கு வேறு எதையாவது பேசுவான், தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறோம் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் இத்தனை ஆசையாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். எப்போதும் கேட்காத கேள்வி. லாட்ஜில், மூன்றாவது மாடியில், இங்கே மழையே இல்லை என்றான். சாப்பாடு சுமார், மேனேஜர் தொல்லை என்று அடுக்கினான். அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. வைத்துவிடப் போகிற சமயத்தில் கேட்டான்.

"காது எப்படி இருக்கு இப்போ?"

அவள் கை தானாக இடது காதுக்குப் போனது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடு. காதுல விளையாடாத."

சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள். சரி என்று தன் வாயில் வந்ததுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அத்தனை அக்கறையும், அக்கா பொறாமைப்பட்ட அத்தனையும், ஒட்டுக்கேட்டு வந்ததா? அறையில் எங்கோ ஒரு மைக்கை ஒளித்துவைத்திருக்கிறான். அப்படித்தான் இருக்கவேண்டும். லாட்ஜில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான். அழுகை வந்தது, அழுதால் அதுவும் அவனுக்குக் கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இருந்தாலும் அந்த எண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். மைக்காகவே இருக்கட்டும். அப்பாவைப்போல இவனும் ஒரு பொய்யன், அவ்வளவுதான் என்று இருக்கட்டும். நானூறு கிலோமீட்டர் தள்ளியாவது இருக்கட்டும்.

அதை மட்டும் நிச்சயப்படுத்திக்கொண்டால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். இரண்டாவது போன் யாருடையதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அவனுடையதாக இல்லாமல் இருந்தால் சரி.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். செருப்பை எங்கே கழற்றினோம் என்று நினைவில்லை. மஞ்சள் சதுரத்தை எடுத்துவிட்டு, அதே வட்டத்தில் வேறொரு விளம்பரத்தைப் போட்டாள். ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க அலுவலகத்தில் வைத்திருக்கும் விளம்பரம் அது. திரை முழுக்கக் கறுப்பு. மூன்று முறை மணி அடிக்கும், உச்ச ஒலியில். ஆட்டத்தில் ஒரு சுற்று முடிந்தால் திரையில் வந்துவிடும். வட்டத்துக்கு வெளியே, லாட்ஜின் மூன்றாவது மாடியில் இருப்பவனுக்கு வராது.

அவனைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தான். அவன் விரல் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, தூக்கம் வரலையா?"

"சும்மாதான். பேசிக்கிட்டு இருங்க."

அவன் எப்போதும்போலத் தாழ்ந்த குரலில் பேசினான். நாளை மறுநாள் வந்துவிடுவேன் என்றான். அவள் உம் கொட்டினாள். தட்டும் சத்தம். மழை. தட்டும் சத்தம். ஒரு சுற்று முடிந்து ஆட்டம் நின்றது.

மணி அடித்தது.

போனில் கேட்டது. அவள் காதுக்குள் கேட்டது.

அடியிலும் கேட்டது. மெத்தைக்கு அடியில். டைல்ஸுக்கு அடியில். மழுங்கலாக. மூன்று முறை.

பேச்சு நின்றுவிட்டது. தட்டும் சத்தமும் நின்றுவிட்டது. போனின் திரை இருண்டது. அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

அசையவில்லை அவள். பொய் சொல்லியிருக்கிறான், மணல் இல்லை, ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை, மாதம் பத்து நாள், மூன்று வருஷம், அவள் குளித்துவிட்டு வந்து பாடியபோது, அக்காவிடம் அவனைப் பற்றிப் பெருமை பேசியபோது, விளக்கை அணைத்துவிட்டு அவன் தலையணையைக் கட்டிக்கொண்டபோது. எதற்கு? கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாளே. எதற்கு?

கீழே கல் நகர்ந்தது. மெதுவாக. பழகிய கை. ஈரக் காற்று கட்டிலின் ஓரமாக மேலே ஏறியது. கிரீஸ் வாசனை.

வாசல் பதினைந்து அடி. எண்ணினாள். பதினைந்து அடிதான். மடிக்கணினியை ஓசைப்படாமல் தள்ளிவைத்தாள். ஒரு காலை இறக்கினாள். தரை சில்லிட்டது. அடுத்த காலையும் இறக்கினாள்.

"வெறுங்காலோட தரையில நிக்காதம்மா."

போனிலிருந்து இல்லை.

"சளி பிடிக்கும்."

அதே குரல். அதே அக்கறை. கட்டிலுக்கு அடியிலிருந்து, நகக்கண்களில் கறுப்பு மசகு படிந்த ஒரு கை நீண்டு வந்தது. அவள் செருப்புகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தது. கொஞ்சம் கோணலாக இருந்த ஒன்றைத் தொட்டு நேராக்கியது. பிறகு உள்ளே போய்விடாமல், அவளுடைய குதிகாலுக்குப் பக்கத்திலேயே, உள்ளங்கையை விரித்தபடி தரையில் இருந்தது. செருப்புகள் இரண்டும் அவள் காலை நுழைக்கத் தோதாக வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றன.