தட்டிப் பார்த்தால் கெட்டி

பூச்சில் விரல் தடம் இருந்தது.

அவன் விரலால் பூசவில்லை. விரலால் பூசுவது விவரம் கெட்டவர்களின் வேலை என்பது அவனுடைய கருத்து. அதற்கென்றே ரப்பர் தகடு ஒன்று வாங்கியிருந்தான். ஆனால் ஷவருக்குக் கீழே டைல்ஸ் இடுக்குகளில் நேற்று அவன் அப்பிய கிரவுட் சாந்து, இன்று காலையில், யாரோ ஈர விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக வழித்துவிட்டதுபோல வழுவழுவென்று குழிந்திருந்தது. வேலை சுத்தமாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி அவன். அடுத்தவன் மாங்கு மாங்கென்று செய்துவைத்ததைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவைப்பான். அங்கே அவனுக்கு 'ரிஜெக்ட்' என்று பட்டப்பெயர். அது அவனுக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் குளியலறைதான் ஒழுகியது. கீழ்வீட்டுக்காரர் கூரையில் மஞ்சள் கறை படர்ந்து, சொட்டி, அவர் படியேறி வந்து கத்திவிட்டுப் போனார். ஆள் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னாள். "நான் இருக்கும்போது ஆளா?" என்று அவன் கேட்டான். கேட்டுவிட்டு வேறெதுவும் செய்யவில்லை. கடைசியில் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"அந்தச் சுவரு சரியாகாம நான் வரமாட்டேங்க. உள்ளேர்ந்து யாரோ தடவுற மாதிரியே சத்தம். படுக்க முடியல."

அவளை அழைத்துப்போக வந்தவன் அவள் தம்பி. செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிறவன். வந்தவன் சும்மா போகாமல், குளியலறை மூலையில் ஒரு டைல்ஸை விரல் முட்டியால் தட்டினான். டொப். டொப்.

"மாமா, இது உள்ள காலியா இருக்கு. கேளுங்க."

"நீ ஸ்டிக்கர் ஒட்டுற ஆளு. அதோட நிறுத்திக்க."

"எதை ஒட்டினா என்ன மாமா, உள்ள காத்து நிக்கக்கூடாது. பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் பூசுங்க. அதுமேலேயே பூசினா பேந்துக்கும்." அப்புறம் அவன் பார்வை மாமாவின் குதிகாலுக்கு இறங்கியது. "கால்ல இருக்கிற பித்தவெடிப்பையே அடைக்க முடியல. சுவத்து வெடிப்பை அடைக்கப் போறாராம்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவன் கிரவுட் வாங்கினான். செய்முறை வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தான். பழசைச் சுரண்டுகிற இடம் வந்ததும் தாண்டிவிட்டான். அது மச்சினன் சொன்ன விஷயம் ஆயிற்றே. பழைய வெடிப்பின் மேலேயே புதுசை அப்பிவிட்டுத் தூங்கப் போனான்.

இப்போது இந்த விரல் தடம்.

மனைவிக்குப் போன் போட்டான். "உன் தம்பிகிட்ட நம்ம வீட்டுச் சாவி இருக்கா?"

"அவனுக்கு எதுக்குங்க? ஏன், பூசியாச்சா?"

ஒரு கணம் யோசித்தான். "பிரமாதமா முடிஞ்சுது."

"நெசமாவா?" குரல் இளகியது. "அப்ப நாளைக்கே வந்துடுறேன்."

செய்தவன் யாரோ, பெயர் இவனுக்கு. தொழிற்சாலையில் பழகிய வழிதான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டான். மூலையில், அந்தக் காலி டைல்ஸைச் சுற்றி மட்டும், பூச்சு முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. சுரண்டிய தூள் தரையில் சின்னக் கோபுரமாகக் குவித்திருந்தது. டைல்ஸின் நடுவில், நகத்தால் கீறியதுபோல, ஒரு பெருக்கல் குறி.

பயப்படுவதற்கு முன் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. என் வேலையையா? எனக்கேவா? கிரவுட்டைக் கெட்டியாகக் குழைத்து, அதே இடத்தில், முன்னைவிடக் கேவலமாக அப்பினான். எழுந்து கால் கழுவும்போது ஏதோ குறைந்தது. தண்ணீர் பட்டால் குதிகால் எரியுமே. எரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான்.

பித்தவெடிப்புகள் அடைபட்டிருந்தன. ஒவ்வொன்றும். சாம்பல் நிறத்தில், ஈர விரலால் வழித்துவிட்டது போல.

கல்லை எடுத்துத் தேய்த்தான். கல்தான் தேய்ந்தது. வலிக்கவில்லை, கூசவில்லை, அந்தக் கால் யாருடையதோ போலிருந்தது. குழாயை மூடினான். அப்போதுதான் கேட்டது. சுவருக்குள்ளே, நிதானமாக, அவசரமே இல்லாமல், ஈர விரல் ஒன்று இழுபடுகிற சத்தம். சர்ர்ர். ஒரு இடைவெளி. சர்ர்ர். பல வருஷம் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல ஒரு வாடை, இடுக்குகள் வழியாகக் கசிந்து வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

வேறொருவனாக இருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடியிருப்பான். இவன் அதிகாரி. எவன் என்று பார்த்துவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகினான்.

டைல்ஸ் நெம்புவதற்கு முன்பே கையோடு வந்தது. யாரோ உள்ளிருந்து தள்ளிக் கொடுத்ததுபோல.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. நடுவில் இருப்பது ஒரு வரிசைச் செங்கல். ஆனால் ஓட்டைக்குள் செங்கல் இல்லை. வெளிச்சமும் இல்லை. கையை விட்டான். முழங்கை வரை போயிற்று. தோள் வரை போயிற்று. எதிலும் முட்டவில்லை.

அப்புறம், உள்ளங்கையில் ஒரு விரல் நுனி.

ஈரம். குளிர்ச்சி. அது அவன் கைரேகை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, ஒரே இழுப்பு. அடைத்தது. அடுத்த ரேகை.

கையை இழுத்தான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். இழுத்தது அவனில்லை.

இருட்டு. நெஞ்சில் சுவர். முதுகில் சுவர். கண்ணுக்கு நேரே ஊசி முனையளவு வெளிச்சம். எவ்வளவு நேரமோ. வெளியே கதவு திறக்கிற சத்தம்.

"என்னங்க?" மனைவியின் குரல். "செருப்பு இங்கதானே கிடக்கு. எங்க போனாரு?"

"அக்கா, இங்க வந்து பாரேன்." மச்சினன். மிக அருகில். "இதை மாமாவா பூசினாரு?"

"அவரேதான். பிரமாதமா முடிஞ்சுதுன்னு சொன்னாரே."

"சும்மா சொல்லக்கூடாதுக்கா. ஒரு கோடு கோணல."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்தாத, பெருமையான சிரிப்பு. அதற்காகத்தானே இத்தனையும். அவன் கத்தினான். சத்தம் பல்லுக்குப் பின்னாலேயே நின்றது. இரண்டு உதட்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. வழுவழுவென்று குழிந்த ஒரு கோடு மட்டும்.

விரல் முட்டி அவன் நெற்றியில் இறங்கியது. டக். டக்.

"இப்ப காலியா இல்லக்கா. உள்ள கெட்டியா அடைச்சிருக்காரு."

"தோ, இங்க ஒரு ஊசி ஓட்டை விட்டுட்டாரு பாரு."

வெளிச்சம் மறைந்தது. அவள் குனிந்திருந்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவள் கண். இமைத்தது. உற்றுப் பார்த்தது.

அவன் தோளுக்கு மேலாக, பின்னாலிருந்து, ஈரமான ஒரு விரல், நுனியில் கொஞ்சம் கிரவுட்டோடு, அந்த ஓட்டையை நோக்கி மெதுவாக நீண்டது.