குழாய்க்குக் கீழே இருந்த கல்

அன்று மாலை அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வராதவர்களெல்லாம் வந்திருந்ததாகவும், பார்க்காதவர்களெல்லாம் பார்த்ததாகவும் பிற்பாடு பேச்சு வந்தது. வீட்டுப் பெரியவர் இருந்தார். அவர் மனைவி இருந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதால் காலையிலிருந்தே பதற்றத்தில் மாடி அறையைவிட்டு இறங்காத மகள் இருந்தாள். வாயைத் திறந்தால் கேலி தவிர வேறு வராத பெரியவரின் தம்பி இருந்தார். குளியலறையில் கடைசிக் கை வேலையை முடித்துக்கொண்டு பெயின்டர் இருந்தார். பெண் பார்க்க வந்தவர்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தாழிட்டவர் பெரியவர்தான்.

அன்று மதியம், பெயின்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், குளியலறையில் பெரியவர் கண்ணில் முதலில் பட்டது கண்ணாடி.

புதுக் கண்ணாடி. அன்று காலையில்தான் மாட்டியது. வெந்நீர்க் குழாயை யாரும் திறக்கவில்லை. வாளிகள் கவிழ்ந்து காய்ந்து கிடந்தன. ஆனாலும் கண்ணாடியில் அவர் நெற்றிக்கும் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. எட்டித் துடைத்தார். போயிற்று. கையை எடுத்ததும் திரும்ப வந்தது. வந்தது அப்படியே நிற்கவுமில்லை; மெல்லச் சுருங்கி, மெல்ல விரிந்து, மறுபடியும் சுருங்கியது.

"ஈரம் இன்னும் காயல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்தக் குளியலறை அவருடைய தந்தை கட்டியது. ஜன்னல் கிடையாது. வெளிர் பச்சைக் கல் பதித்த சுவர்கள். கற்களுக்கிடையே இருந்த வெள்ளைச் சிமெண்ட் காலப்போக்கில் கறுத்து, சுவர் முழுக்கக் கட்டம் போட்ட சட்டை போல ஆகிவிட்டிருந்தது. குழாயிலிருந்து துருக்கறை ஒழுகித் தொட்டியில் பழுப்புத் தடம் விட்டிருந்தது. மகளுக்கு முன்பு வந்த சம்பந்தம் கைகூடும் நிலையில் இருந்தபோது, அந்தப் பையனின் அத்தை இந்தக் குளியலறைக்குள் போனார். வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. "உள்ள காத்து வருது," என்று மட்டும் சொன்னார். தேநீரைத் தொடாமல் எழுந்தார்கள். அதோடு சரி.

பழைய குளியலறையைப் பார்த்து வீட்டையே எடைபோட்டுவிட்டார்கள் என்று பெரியவர் மனதில் முள் தைத்தது. தலைமுறையாகத் தலைகுனியாத குடும்பம், ஒரு கறைபடிந்த சுவரால் தலைகுனிவதா? அடுத்த சம்பந்தம் வருவதற்குள் அதைச் சரிசெய்துவிட வேண்டும். தம்பி முழுக்க இடித்துக் கட்டலாம் என்றார். பெரியவர் ஒப்பவில்லை.

"அப்பா கை வெச்ச சுவர்ல உளி படக்கூடாது. இருக்கிறதையே புதுசாக்கு."

அப்படியே முடிவாயிற்று. கறுத்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளையாக நிரப்புவது, பச்சைக் கல்லின் மேல் வெள்ளை பெயின்ட் உருட்டுவது, குழாயையும் கண்ணாடியையும் திரைச்சீலையையும் மாற்றுவது. பெயின்டரும் நல்ல வேலைக்காரர். ஆனால் முந்தின நாள் ஒரு பேச்சு எழுந்தது.

குழாய்க்குக் கீழே, கடைசி வரிசையில், ஒரு கல்லைச் சுற்றி மட்டும் அந்த வீட்டில் எப்போதுமே சிமெண்ட் வைத்ததில்லை. நான்கு பக்கமும் மெல்லிய இடுக்கு. பெரியவரின் தந்தை இருந்தவரை, சுவரைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த இடுக்கு அடைபடாமல் பார்த்துக்கொண்டார். ஏன் என்று அவர் சொன்னதில்லை. ஏன் என்று கேட்கும் வழக்கமும் அந்த வீட்டில் இருந்ததில்லை. அவருக்குப் பிறகு மருமகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அறையைக் கழுவும்போதெல்லாம் ஒரு மெல்லிய குச்சியால் அந்த இடுக்கிலிருந்து அழுக்கைக் கிளறி எடுத்துவிடுவாள்.

"அந்த ஒரு கல்லை விட்டுடுங்க," என்றாள் அவள் பெயின்டரிடம். "அதைச் சுத்தி எதுவும் அடைக்க வேணாம். மாமா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"அதை மட்டும் விட்டா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்மா. பார்க்கிறவங்க என் வேலையைத்தான் பழிப்பாங்க."

"விடுங்க அண்ணி," என்றார் தம்பி. "போன தடவை வந்தவங்க அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் ஓடியிருப்பாங்க. நமக்கு முன்னாடியே இங்க எலி சம்பந்தம் பேசி முடிச்சிடுச்சுன்னு."

மனைவி சிரிக்கவில்லை. பெரியவரைப் பார்த்தாள்.

"அடைங்க," என்றார் பெரியவர். "மயிரிழை இடம் கூட விடக்கூடாது."

"மாமா அவ்வளவு சொல்லியும்..."

"அப்பா சொன்னது அப்பா காலத்துக்கு."

அவர் சொன்ன பிறகு பேச்சை வளர்ப்பதில்லை என்பதை அவள் தன் மரியாதையாகவே வைத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் பெயின்டர் குளியலறையிலிருந்து வேகமாக வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர் போல மூச்சை இழுத்தார்.

"என்னாச்சு?" என்றார் தம்பி. "உன் பெயின்ட் வாடை உனக்கே தாங்கலையா?"

"அதான் சார் புரியல." பெயின்டர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இப்பதான் அடிச்சேன். வாடையே இல்ல. யாரோ மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்த மாதிரி."

உருளையைக்கூடக் கழுவாமல் பையில் திணித்துக்கொண்டு அவர் கிளம்பினார். பெரியவர் வாசல்வரை போய் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நேரே குளியலறைக்கு வந்தார்.

அறை அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பால்வெள்ளைச் சுவர்கள், பளபளக்கும் குழாய், மடிப்புக் கலையாத திரைச்சீலை; யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத அறை. ஆனால் பெயின்டர் சொன்னது உண்மை. பெயின்ட் வாடை இல்லை, சிமெண்டின் ஈர வாடை இல்லை, சோப்பின் வாடைகூட இல்லை. காற்று, அரைத்துத் துப்பிய சக்கை போல வெறுமையாக இருந்தது. குழாயின் பக்கம் பார்த்தபோது திரைச்சீலை சுவரை நோக்கிச் சாய்ந்திருப்பது தெரிந்தது. சாய்ந்து, சற்று நின்று, தொங்கியது. மறுபடியும் சாய்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். கடைசி வரிசையில் அந்தக் கல்லைச் சுற்றிப் பூசிய வெள்ளைச் சிமெண்ட், ஒட்டியிருந்த இடம் தெரியாமல் உள்பக்கமாகக் குழிந்திருந்தது, பசியோடு உறிஞ்சும் கன்னம் போல.

அவருக்குப் பின்னால் கதவு, காற்றே இல்லாத அறையில், தானாக மூடிக்கொள்ளத் தொடங்கியது.

எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. நடையில் மனைவி புதுத் துண்டோடு எதிரே வந்தாள். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க போல. நீங்க முன்னாடி போங்க. நான் துண்டை மாட்டிட்டு வந்துடறேன்."

போகாதே என்று சொல்ல வாய் எடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? குளியலறையைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றா? இந்த வயதில், சம்பந்தி வாசலில் நிற்கும்போதா?

"சீக்கிரம் வா," என்றார்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பையனும் அவன் பெற்றோரும் கூடத்தில் அமர்ந்தார்கள். நல்ல மனிதர்கள். மகள் இறங்கி வந்து பேசினாள், பையன் சிரித்தான், தம்பியின் கேலிக்குப் பையனின் அம்மாவே வாய்விட்டுச் சிரித்தார். எல்லாம் கூடிவருவது கண்ணுக்குத் தெரிந்தது. பெரியவரின் காது மட்டும் நடையிலேயே இருந்தது.

"அவங்களைக் காணோமே?" என்றார் பையனின் அம்மா.

"வந்துடுவா. இதோ." அவர் எழுந்தார்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. வெளியே அவளுடைய செருப்பு. தள்ளினார். விளக்கு எரிந்தது. கம்பியில் துண்டு, மடிப்புக் கலையாமல். ஆள் இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தார். திரைச்சீலையை விலக்கினார். ஆள் இல்லை. ஜன்னல் இல்லாத அறை. வேறு வழி இல்லாத அறை.

"என்னங்க."

கீழேயிருந்து. குழாய்க்குக் கீழேயிருந்து.

சுவரோரம் தரையில் மண்டியிட்டார்.

"என்னங்க. இருட்டா இருக்கு."

"எங்க இருக்கே?"

"தெரியல. உங்க குரல் முன்னாடி கேக்குது. பின்னாடி யாரோ இருக்காங்க."

"யாரு?"

அவள் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில்:

"மாமா மாதிரி இருமறாங்க. மாமா இல்ல."

வீட்டுச் சாவியால் சுரண்டினார். முந்தின நாள் பூசிய சிமெண்ட் பாறையாக இருந்தது. சாவி வளைந்தது. நகத்தால் சுரண்டினார். நகம் பிய்ந்தது. வெள்ளைச் சுவரில் ஒரு கோடு சிவப்பு. உள்ளேயிருந்து அவள் தட்டினாள். மெதுவாக. விரல் முட்டியால். தட். தட்.

"உள்ளே வரலாமா? கை கழுவணும்."

குளியலறை வாசலில் பையனின் தந்தை நின்றிருந்தார்.

பெரியவர் எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். சிவந்த விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். இதை அவர் யோசித்துச் செய்யவில்லை. அவருடைய முதுகெலும்பு தானாகச் செய்தது.

"வாங்க. தாராளமா."

வந்தவர் குழாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்துத் தலையாட்டினார். "இடிக்காமலே புதுசு பண்ணிட்டீங்க. பழைய வீடுன்னே சொல்ல முடியாது."

தட்.

"என்ன சத்தம் அது?"

பெரியவரின் தொண்டை வரை வந்தது. உள்ளே என் மனைவி இருக்கிறாள். உதவுங்கள். உடையுங்கள். அவ்வளவுதான், சில சொற்கள். நடைக்கு அப்பால் மகள் சிரிப்பது கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

"பழைய குழாய்," என்றார் பெரியவர். "அப்பப்ப சத்தம் போடும்."

தட்டுவது நின்றுவிட்டது.

அவளுக்குக் கேட்டிருந்தது. விருந்தாளி இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையனின் தந்தை பொறுமையாகக் கை கழுவி, துடைத்து, துண்டை மறுபடி மடித்து வைத்துவிட்டுப் போகும்வரை, அந்தச் சுவர் ஒரு சத்தமும் போடவில்லை.

மனைவிக்குத் திடீரென்று உடம்பு முடியவில்லை, படுத்துவிட்டாள் என்று சொல்லிச் சம்பந்தத்தைப் பேசி முடித்தார். கார் தெருமுனை திரும்புவதற்குள் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தார். சுத்தியலும் உளியும் வந்தன. தந்தை கை வைத்த சுவரில் முதல் அடியைப் பெரியவரே அடித்தார்.

கல் உடைந்தது. பின்னால் செங்கல். செங்கல்லைப் பெயர்த்தார்கள். அதற்குப் பின்னால் பக்கத்துச் சந்தும் தெருவிளக்கு வெளிச்சமும். வேறொன்றும் இல்லை. அவள் நிற்கும் அளவுக்கு அந்தச் சுவரில் கனமும் இல்லை.

"அங்க இல்லீங்க," என்றது குரல். பக்கத்துக் கல்லிலிருந்து. "இங்க."

அதை உடைத்தார்கள்.

"இங்க."

தம்பி அழுதுகொண்டே உடைத்தார். ஒவ்வொரு கல் விழுந்ததும் குரல் அடுத்த கல்லுக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுத்தது. கொஞ்சம் தள்ளிப்போனது. இருமல் மட்டும் சிறுக்கவில்லை. ஒரு சுவர் முழுவதும் போய், எதிர்ச்சுவரில் உளியை வைத்தபோது பெரியவர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"போதும்."

"அண்ணா, விடுங்க! அண்ணி உள்ள..."

"இதையும் உடைச்சா அவ எங்கடா போவா?"

தம்பி உளியைக் கீழே போட்டார். அன்றிலிருந்து அவர் கேலி பேசி யாரும் கேட்டதில்லை.

கல்யாணம் நல்லபடி நடந்தது. உடைத்த சுவரைக் கட்டிவிட்டார்கள். அதில் கல் பதிக்கவில்லை. மிச்சமிருக்கும் சுவரில் கற்களுக்கிடையே பூசியதையெல்லாம் பெரியவர் ஒரு மெல்லிய குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்து வருகிறார். சாயங்காலங்களில் முக்காலி போட்டு அங்கே உட்காருகிறார். அந்த இடுக்குகளிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது, உள்ளே போகிறது. சொல் எதுவும் வருவதில்லை. கண்ணாடியில் இப்போது இரண்டு இடத்தில் ஆவி படிகிறது. ஒன்று, அவள் நின்றால் அவள் வாய் இருக்கும் உயரத்தில். இன்னொன்று அதற்குச் சற்று மேலே, அவள் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து நிற்பது போல. ஒவ்வொரு நாளும் இன்னும் சற்று அருகில்.

சம்பந்தி வந்திருந்த நேரத்தில் புருஷனோடு மனஸ்தாபப்பட்டு அவள் பின்வாசல் வழியாக வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று வெளியில் பேசுகிறார்கள். பொய். பின்கதவு தாழிட்டிருந்தது. சொல்லிக்கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போகிற பெண் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை. அவள் வீட்டில்தான் இருக்கிறாள்.