ஐந்தாவது போத்தல்

டெலிபோன் அலறியது!

ஞாயிறு காலை எட்டு மணி. மாக்கிரட்டின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது.

அவளுக்கு யார் போன் எடுப்பார்கள்? வயது ஐம்பத்து நான்கு. புருஷன் இல்லை. பிள்ளை இல்லை. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. சாமான் விற்கிறவர்கள்கூட அவளை மறந்து வருஷமாகிறது!

"மாக்கிரட் அக்கா... நான் டனிஸ்ரன்."

அவளுடைய முதலாளி. சின்னச் சின்ன அணைக்கட்டுகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் கம்பெனி. புவாண்ட்-கிளேரில் அலுவலகம். அறிக்கைகளைப் பிரெஞ்சில் தட்டச்சு செய்பவள் மாக்கிரட்.

"சொல்லுங்கோ தம்பி."

"பற்றிக் அண்ணை மோசம் போயிட்டார், அக்கா!"

"என்ன...?"

"நேற்றுப் பின்னேரம் மலைப் பக்கத்து அணைக்கட்டைப் பார்க்கப் போனவர். பாசியில வழுக்கி விழுந்திட்டார் போல. விடிய மீன் பிடிக்கப் போனவன் ஒருத்தன் பிரேதத்தைக் கண்டிருக்கிறான். இப்பத்தான் பொலிஸ் எனக்குப் போன் அடிச்சது."

மாக்கிரட் கோப்பையைக் கீழே வைத்தாள்.

பற்றிக். கம்பெனியின் சோதனையாளர். மேல் வீட்டுக்காரர். அவளைப் போலவே தனிக்கட்டை. ஒருவர் வீட்டுத் திறப்புச் சாவி மற்றவரிடம்.

"நான் உள்ளுக்க செத்துக் கிடந்தா, மணக்க முந்தி வந்து திறவும் பிள்ளை!" என்று பகிடி விடுவார்.

மற்றபடி பேச்சு குறைவு. ஆனால் அவருடைய காலடி... ஆறு வருஷமாக அவள் தலைக்கு மேலே கேட்கும் அந்தக் காலடிதான் அவளுக்கு இருந்த ஒரே துணை.

இன்றைக்கும் கேட்டதே! ஏழரை மணிக்கு! நடந்து... நின்று... திரும்ப நடந்து...

மாக்கிரட் கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

நேற்றே செத்தவர் இன்று காலை எப்படி நடப்பார்?

"அக்கா? நிக்கிறியளோ?"

"ஓம்... நீங்க எங்க நிக்கிறியள் தம்பி?"

"வீட்டிலதான். அண்ணை உங்களிட்ட குறிப்புக் கொப்பி, படம் ஏதும் தந்து வைச்சவரோ?"

"இல்லையே."

"சரி. நான் ஒரு மணித்தியாலத்தில அங்க வாறன்."

போனை வைத்தாள். திறப்பை எடுத்தாள். படியேறினாள்.

பூட்டு உடையவில்லை. ஆனால் உள்ளே... மேசை வெறுமை! கம்ப்யூட்டர் இல்லை. கமரா இல்லை. கொப்பி ஒன்றுகூட இல்லை. செத்தவரின் சட்டைப் பையிலிருந்த திறப்பு யாருக்கோ வேலை செய்திருக்கிறது!

மூலையில் மாதா சுரூபம். மெழுகுதிரி. அதற்கு முன்னால் வரிசையாக ஐந்து ஜாம் போத்தல்கள். தண்ணீர் நிரப்பி, திகதி எழுதி ஒட்டியவை.

கள்ளன் அதைத் தொடவில்லை.

இல்லை... தொட்டிருக்கிறான்! ஐந்தாவது போத்தலின் மூடி சரிந்திருந்தது. பலகையில் ஈரம்.

போன மாதம் படிக்கட்டில் பற்றிக் சொன்னது காதில் ஒலித்தது.

"எண்பது வருஷத்து மண் கட்டு, பிள்ளை. எல்லாக் கட்டும் கசியும். தெளிஞ்ச தண்ணி வந்தாப் பயமில்லை. கலங்கி வந்தா, கட்டு உள்ளுக்குள்ளால கரையுது! அதுதான் சனிக்குச் சனி ஒரு போத்தல் பிடிச்சு வைக்கிறன்."

முதல் போத்தல் கண்ணாடி போல. ஐந்தாவதின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு!

'உடனே நீர்மட்டத்தை இறக்க வேண்டும்' என்று பற்றிக் அறிக்கையில் எழுதினார். 'நல்ல நிலையில் உள்ளது' என்று டனிஸ்ரன் மாற்றினான். அதைத் தட்டச்சு செய்தது மாக்கிரட்டின் இதே விரல்கள்! ஏன் என்று கேட்க அன்று வாய் வரவில்லை.

அந்தக் கட்டுக்குக் கீழே, ஆற்றங்கரையில், இந்தக் கிழமை தேவாலயப் பங்குப் பிள்ளைகளின் கோடைக்கால முகாம். நாற்பது பிள்ளைகள். கூடாரங்களில்!

மாக்கிரட் கீழே ஓடினாள். பொலிசுக்குப் போன் அடித்தாள். பதினைந்து வருஷத் தட்டச்சுப் பிரெஞ்சு அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டியது. பிறகு, செய்ய வேண்டிய இன்னொரு வேலையையும் செய்துவிட்டு, கைப்பையோடு மேலே வந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

டனிஸ்ரன். வெள்ளைச் சேட். கழுத்தில் தங்கச் சிலுவை.

"கீழ தட்டினன், ஆளைக் காணேல்லை. இங்கயோ நிக்கிறியள்? இதுதானோ அண்ணையின்ர வீடு? முதல்தரம் இப்பத்தான் வாறன்."

மாக்கிரட் அவன் முகத்தைப் பார்த்தாள்... பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தம்பி... எப்ப சைவத்துக்கு மாறினனீங்கள்?"

"என்னக்கா விசர்க்கதை?"

"நெத்தியில திருநீறு!"

அவன் கை நெற்றிக்குப் போனது. காய்ந்த சாம்பல் நிறத் தூள் விரலில் உதிர்ந்தது.

"அது அணைக்கட்டுச் சேறு, தம்பி. மாதாவுக்கு முன்னால போத்தலைக் கண்டவுடன தீர்த்தம் எண்டு நினைச்சிட்டீங்கள். திரையெல்லாம் மூடின இருட்டு. உள்ளங்கையில ஊத்தி நெத்தியில பூசியிருக்கிறீங்கள். ஆளைக் கொலை செய்துபோட்டு வந்த பயம், என்ன?"

டனிஸ்ரன் பின்கையால் கதவைச் சாத்தினான்.

கிளிக்!

"தள்ள நினைக்கேல்லை, அக்கா... அணைக்கட்டில நிண்டு கத்தினார். எல்லாத்தையும் அரசாங்கத்துக்கு அனுப்பப் போறன் எண்டார். ஒரு தள்ளு... அவ்வளவுதான்."

"கீழ நாற்பது பிள்ளையள்!"

"எண்பது வருஷம் நிண்ட கட்டு, இந்தக் கிழமை மட்டும் நிக்காதோ? எந்தப் போத்தல்?"

அவள் கண் ஐந்தாவதுக்குப் போனது. 

பாய்ந்து எடுத்தான்! குசினித் தொட்டியில் கவிழ்த்தான்! பைப்பைத் திறந்து போத்தலை அலசினான். அதே தண்ணீரில் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"இப்ப என்ன இருக்கு? உங்கட வாய் மட்டும்தான்." ஈரம் சொட்டத் திரும்பினான். "நீங்களும் தனிக்கட்டை. காணேல்லை எண்டு தேட ஆர் இருக்கினம்?"

சுட்டது. பொய் என்றால் சுட்டிருக்காது.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி," என்றாள் மெதுவாக. "அதுதான் நானே ஆக்களைக் கூப்பிட்டனான்."

டொக்! டொக்! டொக்!

"பொலிஸ்!"

ஒரு விநாடி வெளிறியவன், அடுத்த விநாடி சிரித்தான். தானே கதவைத் திறந்தான்.

"போன்ஜூர், மிஸ்யூ! பாவம், இந்த அக்கா அதிர்ச்சியில ஏதேதோ சொல்லுறா..." என்று பிரெஞ்சில் குழைந்தான்.

இரண்டு பொலிஸ்காரர்கள். மூத்தவர் மாக்கிரட்டைத்தான் பார்த்தார்.

"மதாம், முகாமைக் காலி செய்தாகிவிட்டது. பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அணையின் கதவைத் திறந்து தண்ணீரை இறக்குகிறார்கள்."

மாக்கிரட் கண்ணை மூடித் திறந்தாள். இனிமேல் காலை ஏழரைக்கு மேல் வீட்டில் காலடி கேட்காது. அவள் கதவின் இன்னொரு திறப்பை வைத்திருக்க ஒருவரும் இல்லை.

பிறகு கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு ஜாம் போத்தல். அடியில் ஒரு விரல் சேறு. வெளிக் கண்ணாடியில் காய்ந்த சேற்றில் பதிந்த, அச்சடித்தது போன்ற ஒரு பெருவிரல் ரேகை!

டனிஸ்ரனின் வாய் பிளந்தது.

"அப்ப... நான் ஊத்தினது?"

"லேபலை மாத்தி ஒட்டி, அந்த இடத்தில வேற போத்தலை வைச்சனான். நீ ஊத்தினது என்ர வீட்டுத் தண்ணி. போன வருஷம் றிகோ மாதா கோயிலில இருந்து கொண்டு வந்த தீர்த்தம்."

விலங்கு பூட்டும் சத்தம்.

"பார் தம்பி, உன்ர கெட்ட காலத்தை! ஊத்த வேண்டினதை நெத்தியில பூசினாய்... பூச வேண்டின தீர்த்தத்தைத் தொட்டியில ஊத்திப்போட்டாய்!"