ஆயாவின் பையைக் கட்டியது யார்?

எஜமானியின் காணாமல்போன வளையல் ஆயாவின் ஷூவுக்குள் இருந்தது. ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் வளையல். சிறையின் வரவேற்பு மேசையில் பையைக் கவிழ்த்துச் சோதித்த போலீஸ்காரர், "கையும் களவுமா மாட்டியாச்சு" என்றார்.

காலை பதினொன்றரை. பக்கத்து அறையில் இருந்த அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சல்லடை. சிறைக்கு வரும் ஒவ்வொருவரையும் சலித்து, வெளிநாட்டார் யார், இங்கே இருக்க அனுமதி உண்டா, முடிந்துவிட்டதா என்று பார்ப்பது அவர் வேலை. திருடினார்களா இல்லையா என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம். வருஷக்கணக்காகச் சலித்துச் சலித்து மனுஷனுக்கே சலித்துவிட்டது.

"கட்டைவிரலை வைங்க."

ஆயா கண்ணாடிமேல் விரலை வைத்தார். திரை சிவப்பானது. வேலை அனுமதி போன மாதமே முடிந்திருந்தது. சிவப்பு வந்தால் தகவல் தலைமை அலுவலகத்துக்குத் தானாகப் போய்விடும். நாலு மணிக்கு வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போய் விமானத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். திருட்டு வழக்கு நிற்குமா படுக்குமா என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

"ஏன் புதுப்பிக்கல?"

"மேடம்தான் சார் பண்ணணும். ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். பாத்துக்கலாம்னாங்க."

"வளையல்?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா எடுக்கல சார். அடுப்புல பால் வெச்சிருந்தேன். போலீஸ் வந்து வான்னாங்க, வந்தேன். அந்தப் பையை நான் கட்டவே இல்ல."

எல்லோரும் பாடும் பாட்டுத்தான். சல்லடை கொட்டாவி விட்டார். கொட்டாவிக்கு நடுவே அவர் பார்வை ஆயாவின் காலில் விழுந்தது. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, பாத்ரூமுக்குப் போட்டுக்கொள்கிற ரகம்.

எழுந்து போய் மேசையைப் பார்த்தார். நறுவிசாக மடித்த துணிகள். இருமல் மருந்து பாட்டில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கவரில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தது. ஷூவும் பைக்குள் தனிக் கவரில்தான் இருந்தது.

"பையைத் திறந்ததும் மேல என்ன இருந்துச்சு?"

"கம்பளிச் சட்டை. உங்க வேலைதான் முடிஞ்சுதே சார், இங்க என்ன?" என்றார் போலீஸ்காரர்.

"முடிஞ்சுது. அதான் எரிச்சலா இருக்கு. புகார் கொடுத்தவங்க எங்க?"

வளையலை அடையாளம் காட்ட எஜமானி வந்திருந்தார். காத்திருப்பு அறையில், மடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்த மூன்று வயசுப் பெண் குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்துதான் வெளிநாட்டுலேருந்து வந்தேன். மாசத்துல பாதி நாள் ப்ளேன்லதான் என் பொழப்பு. நம்பி வீட்டை விட்டா இப்படி."

"எப்படிப் பிடிச்சீங்க?"

"பையைத் தூக்கிட்டு ஓடப் பார்த்தா. வாசல்லயே மடக்கிட்டேன்."

"வளையல் கிடைச்சிடுச்சு."

"சரி. அவளை இன்னிக்கே அனுப்பிடுவீங்கல்ல?"

நகையைத் தொலைத்தவர்கள் நகையைத்தான் கேட்பார்கள். எப்போ கைக்கு வரும், நெளிஞ்சிருக்கா, கீறல் விழுந்திருக்கா என்று பிராணனை வாங்கிவிடுவார்கள். இவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

குழந்தை எஜமானியின் கன்னத்தைத் தட்டியது. "மேடம், மேடம்! அம்மா எங்க?"

எஜமானியின் முகம் செத்துவிட்டது. சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பையைக் கட்டினது நீங்க."

"என்ன உளர்றீங்க?"

"ஓடறவ ஷூவைக் கால்ல மாட்டிக்கிட்டு ஓடுவா. அதைப் பையில வெச்சுட்டு பாத்ரூம் செருப்போட யாராவது ஓடுவாங்களா? எல்லாரும்தான் பாத்தோம், ஒருத்தருக்கும் உறைக்கல. மருந்து ப்ளேன்ல கசியும்னு டேப் ஒட்டியிருக்கீங்க. குளிரும்னு கம்பளியை மேல வெச்சிருக்கீங்க. இது ஓடிப் போறவ பை இல்ல மேடம், ஏறிப் போறவ பை. உங்க வீட்டுல ப்ளேனுக்குப் பை கட்டிப் பழகின கை ஒண்ணுதான். அனுமதியையும் வேணும்னே முடிய விட்டீங்க. திருட்டு நிரூபணமாகணும்னு உங்களுக்கு அவசியமே இல்ல. அவ விரல் அந்தக் கண்ணாடியில பட்டா போதும்."

எஜமானி குழந்தையை மடியிலிருந்து இறக்கி விட்டார்.

"ரெண்டு தடவை அவளை வேலையை விட்டு நிறுத்தினேன் சார். குழந்தை சோறு தின்னல, தூங்கல. நானே போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டாலும் வர முடியாத இடத்துக்கு அனுப்பிடணும்னு தோணிச்சு. அவ நல்லா பாத்துக்கிட்டா, அதான் கோளாறே. ஆபீஸ்ல மேடம், ஏர்போர்ட்ல மேடம், போகட்டும். நான் பெத்ததும் என்னை மேடம்னா?"

பிறகு எஜமானியே சொன்னார்: "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். அவளை விட்டுடுங்க."

"திருட்டு கேஸ் இப்பவே போயிடும். பொய்ப் புகாருன்னு உங்க மேல கேஸும் வரும். ஆனா சிவப்பு சிவப்புதான். அதை அழிக்கற பொத்தான் என்கிட்ட இல்ல."

சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். கெஞ்சக்கூடச் செய்தார், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். திருடாவிட்டால் என்ன, அனுமதி இல்லையே என்று பதில் வந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்து நின்றது. விதிப்படி பின்வாசல் வழியாகத்தான் கூட்டிப்போக வேண்டும். சல்லடை ஆயாவைக் காத்திருப்பு அறை வழியாக அழைத்து வந்தார். குழந்தை பாய்ந்து வந்து ஆயாவின் காலைக் கட்டிக்கொண்டது.

ஆயா எஜமானியை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருந்தால் தேவலை என்று எஜமானிக்கு இருந்தது. ஆயா மண்டிபோட்டு, குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"இத பாரு கண்ணு. நான் ஆயா. அவங்கதான் அம்மா. இனிமே அவங்களைத்தான் அம்மான்னு கூப்பிடணும். சரியா?"

குழந்தை எஜமானியைப் பார்த்தது. ஆயாவைப் பார்த்தது. சமர்த்தாகத் தலையை ஆட்டியது.

"சரிம்மா."