குரலின் கீழ்ப்பாதி

செவ்வாய் காலை 10.20. மைசூரு, என்.ஆர். மொஹல்லா.

ஒரே ஒரு கேசட் காணாமல் போனதற்குப் போலீஸ். எஸ்.ஐ. தாரணி வாசலிலேயே சிரித்துவிட்டார். எண்பதை நெருங்கும் பெர்னார்ட் சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்காரி மெட்டில்டா சர்ச்ல ஆர்கனோட பாடினது மேடம். அவ போயிட்டா. வேற காப்பி இல்ல."

"போன்ல ஏத்தி வெச்சிருக்கலாமே?"

"போன்லயா! அதுக்குக் குப்பையில போடலாம்."

பிடிவாதக்கார மனுஷன். ஆனால் கண் கலங்கியிருந்தது. தாரணி சிரிப்பை நிறுத்தினார்.

பூட்டு உடையவில்லை. கூடத்தில் அவரே வடிவமைத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், முதுகு திறந்தபடி. மேஜைமேல் முஷ்டி அளவில் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள்.

"இதென்ன?"

"கிராஸ்ஓவரோட பாகம். சத்தத்தைப் பிரிக்கிறது அதுதான். கனமானது பெரிய ஸ்பீக்கருக்கு, மெல்லிசு சின்னதுக்கு. புதுசாச் சுத்தணும்னு சனிக்கிழமையே சுருளைக் கழட்டிட்டேன். அதுலேர்ந்து பெரிசு ரெண்டும் ஊமை."

"கேசட் எப்போ போச்சு?"

"நேத்து சாயங்காலம். சின்ன ஸ்பீக்கர்ல ஓடவிட்டுட்டு மார்க்கெட் போனேன். வீடு சும்மா கிடந்தா எனக்குத் திரும்பி வரவே பிடிக்காது."

மாற்றுச் சாவி இருவரிடம் இருந்தது. பெட்டிக்கு மரவேலை செய்த மதன், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கதவு மாட்டிக்கொண்டிருந்ததாகப் போனில் சொன்னான். மாடியில் தனியாகக் குடியிருக்கும் நர்ஸ் மகேஸ்வரி, மார்டள்ளி கிராமத்துக்காரி, கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"நைட் டூட்டிங்க. கிளம்புற வரைக்கும் இங்கதான் படுத்திருந்தேன்."

"கீழ ஆள் வந்த சத்தம்?"

"எங்கீங்க கேக்கும்? தாத்தா பாட்டு எப்பவும்போல கும்முனு தரையை அதிர வெச்சுட்டிருந்துச்சு."

தாரணி அவளைக் கூடத்துக்கு அழைத்து வந்தார். சுருளைக் கையில் எடுத்தார்.

"கேசட்டை எடுத்தது நீங்கதான். தளத்தைத் தாண்டி மேல வர்றது கனமான சத்தம். சனிக்கிழமைலேர்ந்து அது இந்த வீட்ல கிடையவே கிடையாது. அப்புறம் உங்க தரை எப்படிம்மா அதிர்ந்துச்சு?"

மகேஸ்வரி உடைந்துபோனாள்.

"ரெண்டு நாளாச் சத்தமே இல்லீங்க. தாத்தாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பதறி இறங்கி வந்தேன். வீட்ல ஆளில்ல, அந்தம்மா மட்டும் பாடுறாங்க. இத்தனை வருசமா அந்தக் கும்முங்கிற சத்தத்தக் கேட்டுத்தான் தூங்குறேன், ஒரு வார்த்த மேல வராது. நேத்துத்தான் வார்த்த கேட்டுச்சு. எடுத்துட்டேனுங்க."

மாடியில் அவள் தலையணைக்கடியிலிருந்து கேசட் வந்தது.

"போட்டுக் கேட்டீங்களா?"

"எங்கிட்ட ஏதுங்க மெஷினு?"

பெர்னார்ட் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாடா அறுபடவில்லை.

"புகார் எழுதணுமா சார்?" என்றார் தாரணி.

"இத்தனை நாளும் நான் ஒருத்தன்தான் இவளைக் கேட்டுட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றார் கிழவர். பிறகு மகேஸ்வரியைப் பார்த்தார். "புகார் வேணாம். அந்தச் சுருளை எடும்மா, மாட்டுவோம்."