வெல்தோராவின் நிற்பான்கள்

சுற்றுலாப் பயணிகள் எழுந்து வருவதற்குள் நிற்பான்களுக்கு அலுத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். துஷ்யந்தியின் காலை வேலை அதுதான். ஒவ்வொன்றின் முன்னும் போய் நின்று, "எங்கை, ஒரு கொட்டாவி விடு பாப்பம்" என்பாள். அது வாயைத் திறந்து மூடும். "இவ்வளவு பெரிசா விட்டா ஆர் நம்புவினம்? பாதி காணும்." பிறகு எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது, லேசாக உச்சுக்கொட்டுவது என்று எல்லாவற்றையும் சரிபார்த்துச் சதுக்கத்துக்கு அனுப்பிவைப்பாள். தோலும் முடியும் மனிதரைப் போலவே இருக்கும் இயந்திரங்கள். வரிசையில் நிற்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் அந்தப் பெயர்.

வெல்தோரா ஐரோப்பிய மலை இடுக்கு ஒன்றில் கிடக்கிற தம்மாத்துண்டு நாடு. உலகப்படத்தில் ஒரு கொசு உட்கார்ந்தால் மறைந்துபோகும். வயல் இல்லை, ஆலை இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லையில் கட்டும் தீர்வையில்தான் பள்ளிக்கூடமும் நடந்தது, தெருப்பனி அள்ளும் வண்டியும் ஓடியது. அந்த வயிற்றில் அடித்தது காட்சிக்கூடு. வீட்டு மூலையில் நிற்கும் அந்தப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் போதும். வெல்தோராவின் மலை, குளிர், பாலாடைக்கட்டியின் மணம் எல்லாம் மூக்கு நுனிக்கே வந்துவிடும். அப்புறம் எவன் மூட்டை கட்டிக்கொண்டு நேரில் வருவான்? விடுதிகள் காற்று வாங்கின.

காட்சிக்கூட்டில் கிடைக்காதது நம்மிடம் என்ன இருக்கிறது என்று ஊர் அவை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. சுற்றுலாத் துறையில் உதவி அதிகாரியாக இருந்த துஷ்யந்திதான் எழுந்து, "காத்திருப்பு" என்றாள். "கூட்டில் எல்லாம் கேட்டவுடன் வந்துவிடுகிறது. நிற்காமல் கிடைத்ததை யார் மதிக்கிறார்கள்?"

சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினாள். சதுக்கத்தின் மூலையில் பழைய சுங்கச்சாவடி அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அந்தக் கதவின் முன்னால் நிற்பான்களை வரிசையாக நிறுத்தினாள். பெயர்ப்பலகை இல்லை, அறிவிப்பு இல்லை. முதல் நாள் சைக்கிளில் வந்த இருவர் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். 'எதற்கு இந்த வரிசை?' என்று அவர்கள் கேட்டதற்கு ஒரு நிற்பான், 'தெரியாது, ஆனால் எவ்வளவு நீளம் பாருங்கள்' என்றது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கோடை பிறந்தபோது வரிசை தேவாலயத்தைச் சுற்றி ஆற்றுப்பாலம் வரை போயிற்று. நிலாக் குடியிருப்புகளிலிருந்துகூடக் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். முன்வரிசை முழுக்க நிற்பான்கள் என்பதால் கதவை மட்டும் ஒருவரும் எட்டவில்லை.

இத்தனைக்கும் துஷ்யந்தி அந்த நாட்டின் குடிமகள் இல்லை. வெல்தோராவில் குடியுரிமைக்கும் வரிசைதான். ஒரு குடிமகனோ குடிமகளோ செத்தால்தான் ஓர் இடம் காலியாகும். அவள் பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தாள். இப்போது அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வருமானம் அடிவாங்கி, பக்கத்துப் பெரிய நாடு வெல்தோராவை விழுங்கிவிட்டால் அந்த வரிசையே செல்லாது. அவள் அந்நாட்டு வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். ஆகவே ஒரு கொட்டாவியைக்கூடத் தவறவிடாமல் சரிபார்த்தாள். ராத்திரி சரியாகத் தூங்கியே மாதக்கணக்காயிற்று.

ஒரு மத்தியானம் அவள் காதுச்சில்லில் கணவன் பிறேமனின் குரல் பதறிக்கொண்டு வந்தது. நிற்பான்களைப் பழுதுபார்ப்பவன் அவன்.

"இஞ்சாருமப்பா, கெதியா ஓடியாரும்! கதவடியில சனம் நிக்குது!"

"சனமோ? அங்கை முன்னுக்கு நிக்கிறது எல்லாம் நிற்பானெல்லே?"

"நிற்பானுக்கு வேர்க்குமே? இந்தாளுக்கு வேர்த்து ஊத்துது!"

அவள் ஓடினாள். நடந்தது இதுதான். வெல்தோரியர்களுக்கு விருந்தினர் என்றால் உயிர். கடையிலும் சரி, பேருந்திலும் சரி, வெளியூர்க்காரர் பின்னால் நின்றால் 'நீங்கள் முதலில்' என்று ஒதுங்கி வழிவிடாத வெல்தோரியரைப் பார்க்க முடியாது. தங்கள் தெருவில் மனித உருவில் எது நின்றாலும் அதற்கும் அந்தப் பண்பு இருந்தாக வேண்டும் என்று ஊர் அவை ஆசைஆசையாய் முந்தின நாள்தான் நிற்பான்களுக்கு அதை ஏற்றிவிட்டிருந்தது. துஷ்யந்தியே கையெழுத்துப் போட்டிருந்தாள். முன்வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நிற்பான்கள், கால்வலியில் முனகும் மனிதர்களைக் கண்டதும் தலை வணங்கி ஒதுங்கிவிட்டன. ஒன்று விடாமல்.

கதவை ஒட்டி நின்றவர் நிலாவில் பிராணவாயு ஒப்பந்தம் எடுத்துச் செய்கிற நல்லபெருமாள். பூர்வீகம் சாத்தூர்ப் பக்கம். பக்கத்தில் அவர் மனைவி பொன்னுத்தாய். நிலாவின் எடைக்குப் பழகிய கால்கள் பூமியின் எடை தாங்காமல் இருவருக்கும் வீங்கிப்போயிருந்தன.

ஊர் அவைத் தலைவி ஓட்டிலியா வெளிறிய முகத்தோடு வந்து சேர்ந்தாள். வெல்தோரியர்கள் தலைபோகிற நேரத்திலும் அளந்துதான் பேசுவார்கள். "துஷ்யந்தி, உண்மை வெளியானால் இந்த வாரமே எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அதன்பின் நமக்கு நாடு இருக்காது. உங்களுக்கும் இருக்காது."

துஷ்யந்தியின் பத்தொன்பது வருடம் ஒரு பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் என்ன பொய் சொல்வதென்றுகூடத் தோன்றவில்லை. வருவது வரட்டும் என்று நல்லபெருமாளிடம் போனாள்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உள்ளுக்கு ஒண்டுமில்லை. வெறும் அறை."

நல்லபெருமாள் அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, என்னையப் பாத்தா கேணப்பய மாதிரியா தெரியுது? நல்ல சரக்கு இருக்கிற எடத்துல எவனும் 'இருக்கு'ன்னு சொல்லவே மாட்டான். விடியக்காலைல இருந்து நிக்கோம். தொறங்க."

"சத்தியமா ஒண்டுமில்லை ஐயா!"

"பாத்தியா, சத்தியம் வேற பண்ணுது! அப்ப பெருசா ஏதோ இருக்கு" என்றாள் பொன்னுத்தாய்.

பின்னால் சலசலப்பு எழுந்தது. யாரோ கத்தினார்கள். துஷ்யந்தி பூட்டைத் திறந்தாள்.

நல்லபெருமாள் உள்ளே போனார். நாலு சுவர். போன மாதம்தான் ஈரம் படிகிறதென்று பிறேமன் வெள்ளையடித்திருந்தான். ஒரு சுவரில் ஓர் ஆணி. அவ்வளவே. கதவு சாத்தியிருந்தது. வெளியே துஷ்யந்தி கண்ணை மூடிக்கொண்டு, இனி எந்த ஊரில் வீடு பார்ப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. நல்லபெருமாள் வந்து படியில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நீண்டு கிடந்த வரிசையைப் பார்த்தார். அத்தனை கண்களும் அவரையே பார்த்தன. தன் காலைப் பார்த்தார். மனைவியின் காலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடேங்கப்பா!" என்றார்.

அவர் மணிக்கட்டுச் சில்லு 'அனுபவம் எப்படி?' என்று கேட்டது. ஐந்து நட்சத்திரம் போட்டார்.

"அண்ணாச்சி, உள்ள என்ன இருக்கு?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதெல்லாம் சொல்லி வெளங்காதுப்பா. போய்ப் பாரு."

அடுத்து பொன்னுத்தாய் போய் வந்தாள். "எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றாள். அது உண்மையாகவே இருந்திருக்கும். அவளும் ஐந்து போட்டாள். அதற்கடுத்து ஒரு ஜப்பானியக் கிழவர், செவ்வாயிலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி, ஒரு கல்லூரிக் கூட்டம். ஒவ்வொருவரும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து, ஆணியைப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்று, வெளியே வந்து மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட நான்கு நட்சத்திரம் போடவில்லை. துஷ்யந்திக்குச் சிரிப்பு வரவில்லை. வியர்த்தது.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. வரிசை நகர நகர, வழிவிட்டு ஒதுங்கிய நிற்பான்களும், பார்த்துவிட்டு வந்தவர்கள் வற்புறுத்தியதால், உள்ளே போய்விட்டு வந்தன. வெளியே வந்த ஒன்றிடம் யாரோ ஆவலாகக் கேட்க, அது பளிச்சென்று சொல்லிவிட்டது: "உள்ளே ஒன்றுமில்லை. நான்கு சுவர், ஓர் ஆணி. ஒரு நட்சத்திரம்."

வரிசையில் தலைகள் திரும்பின. போச்சு, எல்லாம் போச்சு என்று துஷ்யந்தி பிறேமனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, இதுக்கு வேர்க்கவே இல்ல, எந்திரம்ப்பா!" என்றார் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நல்லபெருமாள். "அதுக்கு என்ன கருமம் தெரியும்? அனுபவிக்க மனசுன்னு ஒண்ணு வேணாமா?"

கூட்டம் சிரித்தது. இத்தனை நாளும் தாங்கள் இயந்திரங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறோம் என்பதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அடுத்த நாளே ஓட்டிலியா நிற்பான்களைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டாள். "பொய்க்கு நிற்பதற்காக வாங்கினோம். அவை உண்மை பேசிக் காரியத்தைக் கெடுக்கின்றன" என்றாள் வருத்தத்தோடு. அவை இல்லாமலே வரிசை பாலத்தைத் தாண்டிற்று. நாடு பிழைத்தது. பக்கத்துப் பெரிய நாட்டின் பிரதமரே மாறுவேடத்தில் வந்து நின்றுவிட்டுப் போனதாக ஊருக்குள் பேச்சு.

இலையுதிர்காலத்தில் ஒரு மூத்த குடிமகள் கண்மூட, துஷ்யந்தியின் முறை வந்தது. குடியுரிமை மண்டபத்துக்குள் தனியாகத்தான் போக வேண்டும் என்பது வெல்தோரா வழக்கம். காஞ்சிபுரப் பட்டு உடுத்துக்கொண்டாள். வாசலில் விண்ணப்பதாரர்கள் வரிசையில் நின்றார்கள். பிறேமனும் அவர்களில் ஒருவன், வெகு பின்னால். அவள் கதவைத் தள்ளினாள். எத்தனை வருடக் கனவு! உள்ளே போனதும் ஏதோ ஒன்று மாறும், காலடியில் நிலம் தன்னுடையதாகும் என்று நினைத்திருந்தாள்.

உள்ளே ஒரு மேசை. அதன் பின்னால் சளி பிடித்த ஓர் அவை உறுப்பினர். ஓர் அட்டையைத் தந்தார். கை குலுக்கினார். நாளையிலிருந்து தினமும் காலையில் பச்சைத் தொப்பி அணிந்து, வீட்டு மாடத்தில் நின்று பயணிகளுக்குக் கையசைக்க வேண்டும் என்றார். அது குடிமக்களின் கடமை. வருடத்துக்கு ஒருமுறை சதுக்கத்தில் குடை உயர்த்தி வாக்களிக்கலாம், அது உரிமை. இந்த வருட வாக்கெடுப்பு முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான். வாழ்த்துகள்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கதவு வழியாகப் போகலாம்."

அவள் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். அவர் அடுத்தவரின் கோப்பைப் பிரித்துவிட்டார். துஷ்யந்திக்கு உள்ளே எல்லாம் வெறுமையாக இருந்தது. அழலாமா என்றுகூடத் தெரியவில்லை.

வெளியே வந்தாள். வரிசை முழுதும் கழுத்தை நீட்டிற்று. சூடான், பெரு, வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ வந்த முகங்கள். பிறேமன் தன் இடத்தை விட்டுவிடாமல், ஒரு காலை மட்டும் எட்டிவைத்துச் சாய்ந்து கூப்பிட்டான்.

"என்னப்பா, என்ன தந்தவை? எப்பிடி இருந்தது உள்ளுக்கு?"

அவள் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். முகம் தானாகச் சிரித்தது.

"அதை என்னெண்டு வாயால சொல்லுறது!"

"உண்மையாவோ?"

"விசரே உங்களுக்கு?" என்று சீறினாள் துஷ்யந்தி. "நான் சும்மாவே பத்தொன்பது வருசம் நிண்டனான்?"